ஒளிவட்டப் படமும் நோயின் போக்கும்

நோயினின்று தேறி எழுந்து வருகிறவரைக் கண்டு, "முகத்தில் களை வந்துவிட்டது" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. படுக்கையில் கிடந்தவர் தேறுகிறாரா இல்லையா என்பதை அறிய அவர்களுக்கு யாதொரு கருவியும் வேண்டியிருக்கவில்லை. உடலினுள்ளே உயிர் செவ்வையாக இயங்குமானால் அதன் ஒளி வெளியே புலப்படும் என்பது நம்மிடையே வழிவழியாக வந்த நம்பிக்கை. தெய்வத் திருமேனிகளுக்குப் பின்னே திருவாசி அமைக்கிறோம்; மகான்களின் படங்களில் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தீட்டுகிறோம்; தேஜஸ் என்ற சொல்லை அன்றாடப் பேச்சிலும் வழங்குகிறோம். ஆகவே, அந்த ஒளியை நிழற்படமாகப் பிடித்துக் காட்ட முடியும் என்று ஒருவர் கூறினால், நம் மனம் எளிதில் இசைந்துவிடுவதில் வியப்பில்லை.

மாற்று வைத்திய நிலையங்கள் சிலவற்றில் அவ்வாறு படம் பிடித்துக் காட்டும் வழக்கம் இன்று இருந்து வருகிறது. சிகிச்சை தொடங்கும் நாளன்று நோயாளியின் விரல் நுனிகளைப் படம் எடுக்கிறார்கள். சில வாரங்கள் சென்றபின் மறுபடியும் எடுக்கிறார்கள். முதற் படத்தில் ஒளியின் விளிம்பு அங்கங்கே அறுந்து கிடக்கிறது; இரண்டாம் படத்தில் அது நிறைந்து விளங்குகிறது. "பாருங்கள், உங்கள் பிராண சக்தி பெருகியிருக்கிறது" என்கிறார்கள். மும்பையிலோ தில்லியிலோ வேலை பார்க்கும் மகன் ஒருவனுக்கு ஊரிலிருக்கும் தாய் இவ்விரு படங்களையும் கைப்பேசியில் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தொலைவில் இருக்கும் மகனுக்கு அது எவ்வளவு ஆறுதல்! ஆனால், அந்தப் படத்தை நம்பி அவள் நீரிழிவுக்கான மருந்தை நிறுத்திவிட்டிருந்தால்? அந்த ஆறுதலுக்கு உண்மையான ஆதாரம் உண்டா என்று கேட்பது நம் கடமையாகிறது. இதற்கு விடை காண இவ்வகைப் படங்களின் வரலாற்றை முதலிலிருந்து பார்ப்பது நலம். அவ்வரலாறு ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுக் காலத்தது.

ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் கியார்க் லிக்டென்பர்க். மின்சாரத்தைத் தேக்கி வைப்பதற்காகப் பெரியதொரு பிசின் தட்டை அவர் அமைத்திருந்தார். 1777-ஆம் ஆண்டில், அத்தட்டின்மேல் படிந்த தூசி தானாகவே நட்சத்திரங்களைப் போலவும், மரக்கிளைகளைப் போலவும் கோலமிட்டிருப்பதை அவர் கண்டார். மின்சாரம் பாய்ந்து பரவிய தடத்தைத் தூசி பற்றிக் காட்டியது என்பதை அவர் உணர்ந்து கொண்டார். அத்தூசிக் கோலத்தைத் தாளில் ஒற்றி எடுக்கவும் செய்தார். மின்சாரம் தன் உருவத்தைத் தானே எழுதிக் காட்டும் என்ற செய்தி இவ்வாறு உலகுக்குக் கிடைத்தது. இதே அடிப்படையைக் கொண்டுதான், 1938-இல் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன், மின்சாரம் ஏற்றிய தகட்டில் பொடியைத் தூவிப் பிரதி எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். நம் தெருக்கோடிக் கடைகளில் ஜெராக்ஸ் எடுக்கும்போதெல்லாம் லிக்டென்பர்க்கின் தூசிக் கோலமே நமக்குத் தொண்டு செய்கிறது எனலாம்.

அடுத்த கட்டம் 1895-இல் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் வூர்ஸ்புர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்பும் மோதிரமும் நிழலாகத் தெரிந்த அந்தப் படம் உலகத்தையே திகைக்க வைத்தது. கண்ணுக்குப் புலப்படாத எலும்பைத் தகடு பிடிக்குமானால், ஆன்மாவையும் அது ஏன் பிடிக்கக்கூடாது என்று பலர் கேட்கலாயினர். பாரிஸ் நகரத்து வைத்தியரான இப்போலித் பராதுக் என்பவர், காமிரா இன்றியே இருட்டறையில் நிழற்படத் தகட்டைத் தலையின் அருகிலும் கையின் அருகிலும் வைத்து, அதில் தோன்றிய மேகம் போன்ற படிவங்களை ஆன்மாவின் அசைவுகள் என்று கூறினார். 1896-இல் அப்படங்களுடன் நூலொன்றும் வெளியிட்டார்.

அதே நாட்டினரான அத்ரியன் கேபார் என்பவர் வேறு வழியில் ஆராய்ந்தார். தகட்டைக் கழுவும் திராவகத்தை ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தால் அதனுள் தாமாகவே சுழல்களும் கோடுகளும் உண்டாகின்றன என்றும், விரலின் சூடு அத்திராவகத்தில் ஓட்டத்தை எழுப்புகிறது என்றும் அவர் சோதனையால் காட்டினார். ஆன்மாவின் படம் என்று கருதப்பட்டது கழுவும் தொட்டியில் எழுந்த கோலமே என்பது தெளிவாயிற்று. பராதுக் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தாம் காண விரும்பியதை அவர் கண்டார்; தகடு வேறு எந்தக் காரணத்தால் அவ்வாறு காட்டியிருக்கலாம் என்று தேடிப் பார்க்கத் தவறினார்.

அதே பத்தாண்டில், இன்றைய பெலாருஸ் நாட்டில் நேமன் ஆற்றின் அருகே பண்ணை வைத்திருந்த யாகோவ் நார்கேவிச் யோத்கோ என்பவர், மின்சாரத்தையே துணைக்கொண்டு கைகளையும் இலைகளையும் படம் எடுத்தார். நோயுற்றவர் கையின் படமும், நலமாயிருப்பவர் கையின் படமும் வேறுபடுகின்றன என்று அவர் கூறினார். நோயை அளக்கும் ஆசை இத்துறையில் புகுந்தது இவ்வாறுதான். லண்டன் நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மின்சார சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியிருந்த வால்டர் கில்னர் என்ற டாக்டரோ, படமே எடுக்காமல், சாயம் கலந்த சாராயத்தைக் கண்ணாடித் தகடுகளுக்கு இடையே அடைத்து, அதன் வழியாக நோயாளியைச் சூழ்ந்த ஒளியைக் காணலாம் என்று 1911-இல் நூல் எழுதினார். ஆழ்ந்த நிறமுடைய கண்ணாடியை நெடுநேரம் பார்த்துச் சோர்ந்த கண்ணுக்கு, உருவங்களின் ஓரத்தில் இல்லாத ஒளியும் தோன்றும். ஆதலால் மருத்துவ உலகம் அவர் கூற்றை ஏற்கவில்லை.

இந்த முயற்சிகளெல்லாம் மறக்கப்பட்ட காலத்தில், சோவியத் நாட்டின் தென்பகுதியில் உள்ள கிராஸ்னோடார் நகரில் செம்யோன் கிர்லியன் என்ற மின்சாரத் தொழிலாளி வாழ்ந்து வந்தார். பழுதுற்ற கருவிகளைச் சீர்செய்து கொடுப்பதில் அவர் வல்லவர். 1939-இல் அவ்வூர் வைத்திய நிலையமொன்றில் உயர் அதிர்வெண் மின்சார சிகிச்சை நடைபெறுவதை அவர் கண்டார். கருவியின் கண்ணாடி முனைக்கும் நோயாளியின் தோலுக்கும் இடையே சிறு மின்னொளி பளிச்சிட்டது. அதைப் படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. உலோகத் தகட்டின்மேல் பிலிமை வைத்து, அதன்மேல் தம் கையை வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சினார். கழுவிப் பார்த்தபோது விரல்களைச் சுற்றி ஒளி நாவுகள் சூழ்ந்திருந்தன. அவரும், ஆசிரியையாகவும் பத்திரிகையாளராகவும் இருந்த அவர் மனைவி வாலென்டினாவும், சிறிய வீட்டில் ஓய்வு நேரங்களில் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். 1949-இல் இம்முறைக்கு அரசாங்கப் பதிவுச் சான்று கிடைத்தது. எளிய குடும்பமொன்று இத்தனை பொறுமையுடன் உழைத்ததை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

இவர்கள் செய்தி இரும்புத் திரையைக் கடந்து வந்தது 1970-இல்தான். அமெரிக்காவில் அவ்வாண்டு ஷீலா ஆஸ்ட்ராண்டர், லின் ஷ்ரோடர் என்ற இரு பெண்மணிகள் சோவியத் நாட்டு விந்தை ஆராய்ச்சிகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார்கள். அதில் ஒரு கதை வருகிறது. ஒரே மாதிரியான இரண்டு இலைகளை ஒருவர் கிர்லியனிடம் கொடுத்தாராம். எத்தனை முறை எடுத்தும் ஓர் இலையின் படம் நிறைவாகவும், மற்றொன்றின் படம் குறைவாகவும் வந்ததாம். பிறகுதான், குறைவாகத் தெரிந்த இலை நோய்கண்ட செடியிலிருந்து பறித்தது என்பது தெரியவந்ததாம். நோய் கண்ணுக்குத் தெரியுமுன்னரே படத்தில் தெரியும் என்ற நம்பிக்கை இக்கதையால் உலகெங்கும் பரவியது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தெல்மா மாஸ் என்ற உளநூல் அறிஞர் இதற்கென ஆராய்ச்சி தொடங்கினார். நுனி கிள்ளிய இலையின் படத்தில் கிள்ளிய பகுதியும் மங்கலாகத் தெரிகிறது என்ற செய்தி பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

பௌதிக அறிஞர்களும் வாளா இருக்கவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் பாயர்ஸும் வில்லியம் டில்லரும் 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, படத்தில் காணும் பல நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை விளக்கிற்று. பிலிம் தட்டையாகப் படியாமல் சற்றே வளைந்திருந்தால் மின்னொளி அதன் பின்புறத்திலும் புகும்; அப்போது பிலிமின் வெவ்வேறு நிறப் படலங்கள் வெவ்வேறு அளவில் ஒளிபடும். செந்நிறம் கோபத்தையோ வீக்கத்தையோ குறிப்பதாகச் சொல்லப்பட்டதற்குப் பிலிமின் வளைவே போதிய காரணமாயிற்று. டில்லர் இத்தகைய நுண்சக்திகளில் ஈடுபாடு கொண்டவர் என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பகைமையால் எழுந்த முடிவன்று அது.

அடுத்து, 1976-இல் பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற ஏட்டில் தம் முடிவை வெளியிட்டார்கள். உயிருள்ள பொருளின் படத்தில் காணும் வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதன் மேற்பரப்பிலும் உள்ளும் இருக்கும் ஈரமே காரணம் என்று அவர்கள் கண்டார்கள். விரலின் வேர்வை பிலிமில் படிகிறது. படிந்த இடத்தில் மின்சாரத்தின் பரவல் மாறுகிறது. ஒளியின் அடர்த்தியும், ஒளி நாவுகளின் நீளமும் வளைவும் அதற்கேற்ப மாறுகின்றன. கிள்ளிய இலையின் மாயப் பகுதிக்கும் இதுவே விளக்கம். முழு இலையை முதலில் தகட்டின்மேல் வைத்து அழுத்தியபோது அதன் ஈரம் அங்கே தங்கிவிட்டது. பிறகு கிள்ளிய இலையை வைத்தபோது பழைய ஈரத்தின் தடம் ஒளிர்ந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவோம். இப்படங்கள் பொய்ப் படங்கள் அல்ல. மிகுந்த மின்னழுத்தம் பாயும்போது பொருளைச் சூழ்ந்த காற்றின் அணுக்கள் சிதறி ஒளிவிடுகின்றன. மழைக்காலத்தில் உயர் அழுத்த மின்கம்பிகளின் அருகே சலசலவென்ற ஓசையுடன் சில சமயம் நீல ஒளி தோன்றுவதும் இதே நிகழ்ச்சிதான். காற்றை முற்றிலும் நீக்கிவிட்டால் அந்த ஒளி தோன்றாது. ஒரு ரூபாய் நாணயத்தை அந்தத் தகட்டின்மேல் வைத்தாலும் அதைச் சுற்றி அழகான ஒளிவட்டம் வரும். நாணயத்துக்குப் பிராண சக்தி உண்டென்று எவரும் சொல்லமாட்டோம்.

இனி, நம் கேள்விக்கு வருவோம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்கள் வேறுபடுவது உண்மையாக இருக்கக்கூடும். அவ்வேறுபாடு எதைக் காட்டுகிறது? முதல் நாள் நோயாளி அறியாத இடத்துக்கு அச்சத்துடன் வருகிறார். மனம் கலங்கினால் உள்ளங்கையும் விரல் நுனியும் வேர்க்கும் என்பது நாம் அறிந்ததே. தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் கையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். மூன்றாம் வாரத்தில் இடமும் பழகிவிட்டது, வைத்தியரும் பழகிவிட்டார். எண்ணெய் தேய்த்து, ஓய்வு எடுத்து, அமைதியாக அமர்ந்து விரலை வைக்கிறார். ஈரம் மாறுகிறது, படமும் மாறுகிறது. அன்றைய புழுக்கம், விரலை அழுத்திய அளவு, மின்சாரம் பாய்ந்த நேரம், கையைக் கழுவித் துடைத்த விதம் ஆகிய ஒவ்வொன்றும் படத்தை மாற்றும். நோயாளியின் மனம் அமைதி அடைந்தது என்று வேண்டுமானால் அப்படத்திலிருந்து ஊகிக்கலாம். அதுவும் நல்லதுதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்ததா, கட்டி கரைந்ததா என்பதை விரல் வேர்வையிலிருந்து எவ்வாறு அறிவது?

பின்னாளில் கருவிகள் மாறின. 1980-களில் அமெரிக்காவில் தோன்றிய ஒளிவட்டக் காமிராவில் உயர் மின்னழுத்தமே இல்லை. அமர்ந்திருப்பவர் கைகளை உலோகத் தகடுகளின்மேல் வைக்கிறார். தோல் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் கருவி அறிந்து, அதற்கேற்ற நிறத்தை அவர் முகப் படத்தின்மேல் சேர்த்து அச்சிடுகிறது. எந்த அளவுக்கு எந்த நிறம் என்பதைக் கருவியை ஆக்கியவரே வகுத்து வைக்கிறார். 1990-களில் ருஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கான்ஸ்டன்டின் கரோட்கோவ் என்பவர் கிர்லியன் முறையைக் கம்ப்யூட்டருடன் இணைத்தார். பத்து விரல்களின் ஒளியையும் அது படம் எடுத்து, ஒவ்வொரு விரலின் விளிம்பையும் துண்டு துண்டாகப் பிரித்து, இத்துண்டு இதயம், இத்துண்டு ஈரல் என்று கணக்கிடுகிறது. நம் நாட்டு யோக ஆராய்ச்சிகள் சிலவற்றிலும் இக்கருவி பயன்பட்டதுண்டு. எண்களும் வரைபடங்களும் வந்தமையால் பார்வைக்குக் கண்டிப்பு மிகுந்தது போல் தோன்றும். எனினும் விரல் நுனியின் ஒரு துண்டுக்கும் ஈரலுக்கும் உள்ள தொடர்பு, வேறு சோதனைகளால் மெய்ப்பிக்கப்பட்டு மருத்துவ உலகால் ஏற்கப்பட்டதன்று.

உடலில் மின்சாரம் இல்லை என்று நாம் கூறவில்லை. ஜெர்மனியில் ஜீனா நகரத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கரின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. இளமையில் ராணுவப் பயிற்சியின்போது அவர் குதிரையிலிருந்து விழுந்து உயிர் பிழைத்தார். அன்று தொலைவிலிருந்த அவர் சகோதரிக்குக் காரணமின்றி மனம் பதறவே, வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. மனத்தின் சக்தி வெளியே பாய்கிறதா என்று ஆராயும் வேட்கை அவருக்கு அதனால் பிறந்தது. பல்லாண்டு உழைத்து, 1924-இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். பலர் நம்பவில்லை. 1934-இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அறிஞர்களான ஏட்ரியனும் மாத்யூஸும் தாங்களே செய்து பார்த்து உண்மை என்று உறுதி கூறினார்கள். இன்று காக்காய் வலிப்பு நோயை ஆராய அதே பதிவு உலகெங்கும் பயன்படுகிறது. பெர்கரின் தொடக்கக் கனவு கிர்லியனின் கனவைவிடக் குறைந்த விசித்திரமுடையதன்று. ஐயுற்றவர் கையிலும் அதே பதிவு கிடைத்தது என்பதே வேறுபாடு. கிர்லியன் படமோ, ஈரத்தையும் அழுத்தத்தையும் கட்டுப்படுத்தி எடுத்தபோது நோயைப் பற்றித் தனியே எதையும் கூறவில்லை.

சித்த வைத்தியத்தையும் ஆயுர்வேதத்தையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒரு சிகிச்சை நன்மை செய்கிறதா என்பது ஒரு கேள்வி; அந்நன்மைக்கு இப்படம் சாட்சியாகுமா என்பது வேறு கேள்வி. நல்ல வைத்தியருக்கு இச்சாட்சி தேவையில்லை. நோயாளியின் பசி, உறக்கம், எடை, வலி ஆகியவற்றை அவர் கேட்டறிவார். இரத்தச் சோதனையின் முடிவையும் பார்ப்பார். நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மாய சிகிச்சைகள் பற்றிய விளம்பரச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் முதலாகப் பட்டியலிட்ட நோய்களைக் கண்டறிவதாகவோ தீர்ப்பதாகவோ மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. படக் கருவியை அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும், கவர்ச்சியான வாக்குறுதியை நம்பி நோயாளி காலத்தை இழந்துவிடலாகாது என்ற அதன் கருத்து இங்கும் பொருந்தும்.

ஊரிலிருந்து படம் வந்த அந்த மகன் செய்யத்தக்கது என்ன? தாயை எள்ளி நகையாடுவது தகாது. அவளுக்கு அந்தப் படம் நம்பிக்கை தந்திருக்கிறது. "அம்மா, படம் நன்றாக இருக்கிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு? மூன்று மாதச் சர்க்கரைக் கணக்குப் பார்த்தாயா? டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடவில்லையே?" என்று அவன் பொறுமையுடன் கேட்கலாம். அடுத்த முறை செல்லும்போது, ஒரே நாளில் இரண்டு படங்கள், கை கழுவுமுன் ஒன்றும் கழுவித் துடைத்தபின் ஒன்றுமாக எடுத்துத் தரும்படி நிலையத்தாரைக் கேட்கச் சொல்லலாம். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிராண சக்தி கூடியும் குறைந்தும் காட்டுமாயின், மூன்று வாரத்து மாறுதலுக்கு எவ்வளவு மதிப்புத் தரலாம் என்பது அவளுக்கே விளங்கிவிடும். மருந்தை அவள் விடாமல் உட்கொண்டு, உணவிலும் கருத்தாயிருந்து தேறி வருவாளாயின், விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மகன் வாசற்படியில் நிற்கும்போதே அவள் முகத்தின் களையைக் கண்டு மகிழலாம்.